தீஸானும் கஷாயமும்

பிரஞ்சுக்காரர்கள் மூலிகை வெந்நீரைத் 'தீஸான்' என்பார்கள். கிரேக்க மொழியில் அந்தச் சொல் முதலில் பார்லிக் கஞ்சித் தண்ணீரைக் குறித்தது. காய்ச்சல்காரனுக்கு அதைக் கொடுக்கும் முறையை ஹிப்போகிராத்தஸ் காலத்து மருத்துவர்கள் விரிவாக எழுதி வைத்தார்கள். நோயாளிக்கு, நோயுள்ள நாட்களில், அளவோடு கொடுத்த பானம் அது.

நம் குடிநீரும் அப்படித்தான். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள் சேரும். நிலவேம்பின் கசப்பு ஐரோப்பியரையும் கவர்ந்தது. 'த்ரோக் ஆமேர்', அதாவது கசப்பு மருந்து என்று பிரஞ்சில் பெயர் பெற்ற சாராயக் கலவையில் அதுவும் சேர்ந்ததாகப் பழைய மருந்து நூல்கள் சொல்கின்றன.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்குப் பள்ளியில் தீஸான், வீட்டில் கஷாயம். இரண்டும் ஒன்றுதான் என்று பிற்பாடு புரிந்தது.

2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராக வழங்கியது. 2020-ல் கொரோனா வந்ததும் கபசுரக் குடிநீர் வீடு தேடி வந்தது. நோய் அடங்கியது, குடிக்கும் பழக்கம் அடங்கவில்லை. என் வயது நண்பர்கள் சிலர் காலையில் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி, இரவு வரை குடிக்கிறார்கள்.

சித்த மருத்துவ மரபு குடிநீருக்குக் கொடுத்த ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். அதற்கு மேல் வைத்தது மருந்தில்லை. நம் முன்னோர் காய்ச்சும் முறையோடு அளவையும் நாட்களையும் சேர்த்தே சொன்னார்கள். நாம் முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அதிமதுரத்தின் கதை இன்னும் தெளிவானது. 1946-ல் ஹாலந்து மருத்துவர் ரெவெர்ஸ், வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தார். புண் ஆறியது; ஆனால் சிலருக்கு உடல் வீங்கியது. அதிமதுரம் அதிகமானால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், ரத்த அழுத்தம் ஏறும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த மாத்திரையும் பொட்டாசியத்தை இறக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இருமலுக்கு நாலு நாள் குடிப்பது வேறு, இனிப்பாக இருக்கிறதென்று மாதக்கணக்கில் குடிப்பது வேறு.

சுக்கு மல்லிக் காபியைக் கண்டு பயப்பட வேண்டாம். மழை நாளில் அதைவிடச் சுகம் ஏது! ஆனால் பிரஷருக்கும் சர்க்கரைக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை சாப்பிடுகிற நாம், தினமும் குடிக்கும் கஷாயத்தின் பெயரையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரைச் சீட்டின் அடியில் ஒரு வரி எழுதிக்கொண்டு போனால் போதும். "அது வெறும் மூலிகைதானே" என்று விட்டுவிடாதீர்கள். மூலிகைக்கு வேலை செய்யும் சக்தி உண்டு என்று நம்பித்தானே குடிக்கிறோம்?