பல்கலைக்கழக நூலகமும் தமிழ்வழி மாணவரும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் நூலகமோ 1907இல்தான் தொடங்கியது. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அன்றைய பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பணி என்பதால், அரை நூற்றாண்டு நூலகமின்றியே காலம் ஓடியது. எழும்பூரில் கன்னிமாரா நூலகக் கட்டடத்தில் தொடங்கிய இந்நூலகம் 1936இல் சேப்பாக்கத்தில் கடற்கரையை நோக்கிய சொந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலம், பட்டியலும் ஆங்கிலம். வாசகரோ வீட்டில் தமிழோ தெலுங்கோ மலையாளமோ கன்னடமோ பேசியவர். ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்று, அதைக் கொண்டே பிற பாடங்களையும் ஆராய வேண்டியிருந்த இம்மாணவர் நூலகத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பது தமிழகக் கல்வி வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி.

1924 சனவரியில் இந்நூலகத்தின் முதல் நூலகராகச் சீர்காழியைச் சேர்ந்த சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) பொறுப்பேற்றார். அவர் கணிதப் பேராசிரியர். நூலகப் பயிற்சி ஏதும் பெறாதவர். நேர்முகத் தேர்வுக்கு முன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்று நூலகத் துறையில் சொல்வதுண்டு. வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே தனிமை தாங்காமல் வகுப்பறைக்குத் திரும்ப விரும்பினார். இலண்டனுக்குப் படிக்கப் போய்வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து 1925இல் திரும்பியவர், பின்னர் இருபது ஆண்டுகள் அதே நூலகத்தில் இருந்தார்.

அவர் செய்த மாற்றங்களில் மாணவருக்கு மிகப் பயன்பட்டது திறந்த அணுகுமுறை. அதற்கு முன் வாசகர் நூலின் பெயரை எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தயங்குபவருக்கு அந்தச் சீட்டே முதல் தடை. அலமாரிவரை போக முடிந்தால், பெயர் தெரியாவிட்டாலும் முதுகட்டையைப் பார்த்து, எடுத்து, படத்தையும் பொருளடக்கத்தையும் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்று அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் நூல் கூறுகிறது. அவை காகிதத்தில் மட்டும் இருந்த விதிகள் அல்ல.

1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறையில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு குறியீடு உண்டு. கணிதத்துக்கு பி, இலக்கியத்துக்கு ஓ. அதன்பின் மொழிக்கு எண்: ஆங்கிலத்துக்கு 111, தமிழுக்கு 31. நாடகத்துக்கு 2. சேக்சுபியர் 1564இல் பிறந்தவர் என்பதால் அவரைக் குறிக்க ஜே 64 என்று வரும். இக்குறியீடு பெரும்பாலும் எண்களால் ஆனது. ஆங்கிலச் சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொருத்தமான நூல் ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் அதன் எண்ணைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நூல்களுக்குப் போய்விடலாம். அந்த முதல் நூலைக் கண்டுபிடிப்பதுதான் சிக்கல். அதற்கு அகரவரிசை அட்டைகளைப் புரட்ட வேண்டும். அவை ஆங்கிலத்தில்தான் இருந்தன.

இதை நான் நேரில் அறிந்தவன். 1980களின் தொடக்கத்தில் கல்வியியல் பட்டப்படிப்பின்போது, எங்கள் பகுதியில் குழந்தைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலேயே பள்ளியை விட்டு நிற்பது குறித்து எழுத ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். 'டிராப் அவுட்' என்ற தலைப்பில் அரைநாள் தேடினேன். ஓர் அட்டைகூட இல்லை. இதைப் பற்றி யாருமே எழுதவில்லை என்று முடிவுகட்டி எழுந்தபோது, அங்கிருந்த உதவியாளர் என்ன தேடுகிறேன் என்று தமிழில் கேட்டார். சொன்னேன். 'வேஸ்டேஜ்' என்று பாருங்கள் தம்பி என்றார். 1929இல் வந்த ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை முதலே விரயம், தேக்கம் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வழங்கிய சொற்கள் அவை. அந்த இழுப்பறை நிறைய அட்டைகள் இருந்தன. படிப்பை விட்ட பிள்ளையை விரயம் என்று அழைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்தச் சொல் தெரியாமல் என் கட்டுரை பிறந்திருக்காது.

பெயர்களிலும் இதே தொல்லை. மேலைநாட்டு விதிப்படி கடைசிப் பெயர் குடும்பப் பெயர். நம் வழக்கில் முன்னெழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிக்க, கடைசியில் வருவது சொந்தப் பெயர். அரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியல் விதிநூல் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டது. ஒலிபெயர்ப்பு இன்னும் கடினம். பல நூலகப் பட்டியல்களில் சிலப்பதிகாரம் ஆங்கில எஸ் எழுத்தில் இராது. சி எழுத்தில் இருக்கும். தொல்காப்பியத்தில் நாம் எழுதும் எச் அங்கே இராது. தமிழ் மாணவர் தம் தாய்மொழி நூலையே தேடித் தோற்பது இப்படித்தான்.

துணைக்கு வந்தவை அகராதிகள். பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் (1924–1936, பின்னிணைப்பு 1939) ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்தது. 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் எதிர்த்திசையில் உதவியது. பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பொருளைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கில நூலுக்குப் போனவர்கள் ஏராளம். 1960களில் கல்லூரிகளில் தமிழ்வழி பரவியபின் தமிழ்ப் பாடநூல்கள் பெருகின. ஆய்வு நிலைக்கு வந்தபோது மட்டும் மீண்டும் ஆங்கில அட்டைகள்.

இன்று அட்டைப் பெட்டிகளின் இடத்தைக் கணினி பிடித்துவிட்டது. சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். தேடுபெட்டியில் எந்தச் சொல்லைத் தட்டுவது என்று கேட்டு என்னிடம் வரும் மாணவர்களுக்கு, கிடைத்த ஒரு நல்ல நூலின் பதிவைத் திறந்து அதற்கு நூலகர் இட்டிருக்கும் பொருள் தலைப்புகளைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அடுத்த தேடலை அந்தச் சொற்களிலிருந்து தொடங்குகிறார்கள்.