தனியறையும் ஆறுதல் சொல்வோரும்

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில் ழான் மபியோன் என்னும் பெயர் ஒருமுறையேனும் எங்கள் காதில் விழாமல் போகவில்லை. 1632இல் பிறந்து 1707இல் மறைந்த அந்தப் பிரெஞ்சு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, பழஞ்சாசனங்களில் எது மெய், எது போலி என்று கண்டறியும் கலைக்கு அடித்தளம் இட்டவர் என்று படித்தோம், தேர்விலும் எழுதினோம். ஆனால், அவரே துறவு மடங்களில் இருந்த சிறைகளைப் பற்றியும் ஒரு சிறு கட்டுரை எழுதினார் என்பதையும், அது அவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து 1724இல்தான் அச்சேறியது என்பதையும் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நானாகத் தேடி அறிந்தபோது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது.

துறவு மடங்களில் சிறையா என்று வாசகர் வியக்கலாம். இருந்தன. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்கு நூலில் பெருங்குற்றம் செய்த சகோதரனைத் தனிமைப்படுத்தும் விதி உண்டு. அவன் பொதுப் பந்தியில் அமரலாகாது. செபக்கூடத்தில் மற்றவரோடு சேரலாகாது. தனித்தே வேலை செய்ய வேண்டும். எவரும் அவனோடு பேசலாகாது. இவ்வளவு கடுமையாகச் சொன்னவர், அதே நூலின் 27ஆம் அதிகாரத்தில் வேறொரு காரியத்தைச் செய்கிறார். மடத்துத் தலைவர், அனுபவமும் பக்குவமும் உள்ள முதிய சகோதரர்களை அந்தத் தனித்திருப்பவனிடம் மறைவாகப் போவதுபோல் அனுப்பவேண்டும் என்கிறார். அவன் மிகுந்த துயரத்தில் மூழ்கிவிடாதபடி அவர்கள் ஆறுதல் சொல்லவேண்டுமாம். தண்டனையை விதித்த கையே அத்தண்டனையின் கதவை இரவில் மெல்லத் திறந்து வைக்கிறது. இந்த அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த 'மறைவாக' என்ற சொல்லில்தான் என் கண் நிற்கும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் அறை நிலைத்தது, ஆறுதல் மறைந்தது. 817இல் ஆக்கன் நகரில் கூடிய மடத்துத் தலைவர்கள், தண்டிக்கப்பட்ட துறவியின் இருப்பிடத்தில் குளிர்காயும் அடுப்பும், வேலை செய்ய முன்னறையும் இருக்கவேண்டும் என்று தீர்மானித்ததாக மபியோன் குறிப்பிடுகிறார். அந்த இரக்கம் நீடிக்கவில்லை. பாரிசில் ஒரு மடத்தின் தலைவர் நிலத்தடியில் கல்லறை போன்ற ஓர் அறை கட்டினார். அதில் அடைக்கப்பட்டவர் உயிரோடு வெளிவருவதில்லை. இத்தகைய அறைகளுக்கு வழங்கிய பெயர் 'வாதே இன் பாச்சே'. 'சமாதானமாய்ப் போ' என்று பொருள். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து செல்பவரிடம் குருக்களாகிய நாங்கள் சொல்லும் சொற்களே ஒரு நிலவறைக்குப் பெயராயின! 1350இல் துலூஸ் பேராயர் தரப்பிலிருந்து முறையீடு வந்தபின், பிரெஞ்சு அரசர் ஜான் தலையிட்டு, அடைக்கப்பட்டவரை மடத்துத் தலைவர் மாதம் இருமுறை சென்று காணவேண்டும் என்று ஆணையிட்டார். துறவிகளுக்கு இரக்கத்தை ஓர் அரசர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மபியோன் இவற்றை ஒளிக்காமல் எழுதினார். நீண்ட தனிமையும் இருளும் ஒருவனை மனந்திருப்புவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. ஒன்று அவன் மதியிழக்கிறான், அல்லது கல்லாய் இறுகிப்போகிறான் என்றார். திருச்சபையின் தண்டனை ஆன்மாவைக் குணப்படுத்தவே அன்றி உடைக்க அல்ல என்று வாதிட்ட அவர், மாற்று வழியையும் சொன்னார்: கார்த்தூசியன் துறவியரின் அறைகளைப்போலச் சிறு அறைகள், கையால் செய்யும் வேலை, காற்றுவாங்க ஒரு சிறு தோட்டம், இவற்றோடு, அடிக்கடி வந்து தேற்றவும் திடப்படுத்தவும் ஒரு மனிதர்.

ஒரு நூற்றாண்டு கழித்து, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், ஏறத்தாழ இதே வடிவில் ஒரு பெருஞ்சிறை எழுந்தது. அதைக் கட்டியோர் மபியோனைப் படித்திருந்தனர் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தனியறையில் மௌனமாய் இருப்பவன் தன் பாவத்தை நினைத்து மனம் வருந்துவான் என்ற எண்ணம் கிறித்தவ உலகின் பொதுச்சொத்தாகிவிட்டிருந்தது. 1787இல் பிலடெல்பியாவில் சிறைத்துயர் போக்கும் கழகம் ஒன்று தோன்றியது. குவேக்கர்கள் பலர் அதில் இருந்தனர். எபிஸ்கோபல் சபை ஆயர் வில்லியம் வைட் தலைமை வகித்தார். அமெரிக்க மனநல மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பெஞ்சமின் ரஷ் உறுப்பினர். சாட்டையடியும் தூக்குமரமும் வேண்டாம் என்று கருதிய நல்லோர் அவர்கள். சிறைக்கு அவர்கள் வழங்கிய 'பெனிடென்ஷியரி' என்ற பெயரே மனத்துயர், தவம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. அதுவே என்னை அச்சுறுத்துகிறது.

1829இல் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் தனியறை, கூரையில் வானொளி வர ஒரு துளை, பின்புறம் மதில் சூழ்ந்த சிறு முற்றம், அறைக்குள்ளேயே செய்யத் தறி வேலை அல்லது செருப்பு வேலை, வாசிக்க விவிலியம். வெளியே அழைத்துச் செல்லும்போது முகத்தை மூடும் முக்காடு. பெயருக்குப் பதில் எண். உறவினர் வரக்கூடாது, கடிதமும் கூடாது. கழகத்தார் சிலர் வந்து பேசுவதுண்டு. எஞ்சிய நேரமெல்லாம் மௌனம்.

எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் 1821இன் இறுதியில் ஏறத்தாழ எண்பது கைதிகளை வேலையுமின்றித் தனியறைகளில் அடைத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் ஐவர் இறந்தனர். சிலருக்கு மனம் சிதைந்தது. 26 பேரை ஆளுநர் மன்னித்து விடுவித்தார். பிலடெல்பியாவோ தன் கைதிகளுக்கு வேலை கொடுத்திருப்பதால் அந்தத் தீங்கு நேராது என்று நம்பியது. 1842இல் அங்கு வந்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், கைதிகளின் முகங்களைப் பார்த்துவிட்டு, மூளையை நாள்தோறும் மெல்லச் சிதைக்கும் இந்த முறை உடலை வதைப்பதைவிடக் கொடியது என்று எழுதினார். சிறை மருத்துவர்களின் அறிக்கைகள் வேறு கதை சொல்லின. பித்துப்பிடித்தவரின் நோய்க்குக் காரணம் அவர்களுடைய இரகசியத் தீயொழுக்கமே என்று எழுதி வைத்தார்கள். அறையின்மீது குற்றமில்லை, அறைக்குள் இருந்தவன்மீதே குற்றம்! 1890இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இத்தனிமையால் பலர் உணர்விழந்தவர்போல் ஆனதையும், சிலர் பித்தரானதையும், தற்கொலை செய்துகொண்டதையும் பதிவுசெய்தது. தனிமை முறை அச்சிறையில் முறைப்படி நீக்கப்பட்டது 1913இல்தான். சிறை மூடப்பட்டு, இன்று அது அருங்காட்சியகம்.

சிறைக்குள் மனம் முறிகிறது என்பதை இவ்வாறு வரலாறு ஒப்புக்கொண்டது. பலர் முறிந்த மனத்தோடுதான் சிறைக்கே வருகிறார்கள் என்பதை உணர இன்னும் காலம் பிடித்தது. மாசசூசெட்ஸில் 1841இல் ஈஸ்ட் கேம்பிரிட்ஜ் சிறைப் பெண்களுக்கு ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கச் சென்ற டாரத்தியா டிக்ஸ் என்ற ஆசிரியை, மனநோயாளிகள் குற்றவாளிகளோடு குளிர்காய நெருப்பின்றி அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டு கொதித்தெழுந்தார். எனினும், வன்முறையும் அவமானமும் போரும் மனத்தில் விட்டுச்செல்லும் காயத்துக்கு மருத்துவ நூல்களில் தனிப்பெயர் கிடைத்தது 1980இல், வியட்நாம் போர் வீரர்களின் துயரைக் கண்ட பிறகே. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பேராய்வு, சிறுவயதில் பட்ட கொடுமைகள் முதிர்ந்த வயதின் நோய்களோடும் போதைப் பழக்கத்தோடும் பிணைந்திருப்பதைக் காட்டியது. இதிலிருந்து 'உளக்காயம் உணர்ந்த பராமரிப்பு' என்னும் அணுகுமுறை வளர்ந்தது. 'உன்னிடம் என்ன கோளாறு?' என்று கேட்பதை விட்டு, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்கச் சொல்வது அது. சிறையில் இதன் பொருள் மிகவும் நடைமுறையானது. சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு, ஆடை களைந்து சோதிப்பது பழைய கொடுமையே திரும்ப நிகழ்வதாகும். அடித்து வளர்க்கப்பட்டவன், பின்னாலிருந்து காவலர் தோளைப் பற்றியதும் திமிறுகிறான். அது கீழ்ப்படியாமை என்று பதிவாகிறது. அதற்குத் தண்டனை தனியறை. சோதனைக்குமுன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுவது, பெயர் சொல்லி அழைப்பது, சிறு காரியங்களிலாவது தெரிவுசெய்ய விடுவது ஆகியவற்றைக் காவலர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

நான் முதன்முதல் ஒரு சிறைக்குச் சென்றபோது இவை எதுவும் அறியேன். ஊதாரி மைந்தன் உவமையை நெடுநேரம் விளக்கினேன். நடுவயதுக்காரர் ஒருவர், "சாமி, பேசுறதை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க" என்றார். அன்று எனக்கு அது அவமதிப்பாகத் தோன்றியது. ஆசீர்வாதப்பரின் 27ஆம் அதிகாரத்தை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது பிறகே விளங்கிற்று.

2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், ஒருநாளில் 22 மணிநேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி அடைப்பதைத் தனிமைச் சிறை என்று வரையறுத்து, தொடர்ந்து 15 நாள்களுக்கு மேல் அதனை நீட்டிப்பதைத் தடைசெய்கின்றன. 1829இன் அந்த நம்பிக்கை நம் சட்டப் புத்தகத்தையும் விட்டுப் போகவில்லை. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் கடுங்காவல் தண்டனையோடு மூன்று மாதம்வரை தனிமைச் சிறையை அனுமதித்தது. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவிலும், ஒருமுறையில் 14 நாள்களுக்கு மேற்படாமல் என்ற வரம்போடு, அது அப்படியே தொடர்கிறது.

மறைவாக அனுப்பப்பட்ட அந்த முதியவர்கள் மீண்டும் எங்கேனும் தோன்றினார்களா என்று தேடியபோது, எதிர்பாராத ஓரிடத்தில் அவர்களைக் கண்டேன். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்வான்சி சிறையில் 1990இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அடுத்த ஆண்டு, 'சமாரிட்டன்ஸ்' என்னும் தொண்டமைப்பு அச்சிறையின் கைதிகள் சிலரையே தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்தது. அவர்களுக்கு 'கேட்போர்' என்று பெயர். அறிவுரை சொல்வது அவர்கள் வேலையன்று. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. இத்திட்டம் பின்னர் பிரிட்டனின் பல சிறைகளுக்கும் பரவியது. இரவில் ஒரு கைதிக்கு மனம் தாங்காமல் போனால், 'கேட்போர்' ஒருவர் வேண்டும் என்று காவலரிடம் கேட்கலாம். காவலர் வேறோர் அறையைத் திறந்து, தண்டனை பெற்ற இன்னொருவனை எழுப்பி அழைத்து வருகிறார். இருவரும் எதிரெதிரே அமர்கிறார்கள்.