வானொலிக் கருவி: குற்றம் யாருடையது?

1905-ஆம் ஆண்டளவில் போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரையோர டயமண்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி இயங்கத் தொடங்கியது. அப்போதிருந்த 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், தந்தியை நிறுவுவதையும் இயக்குவதையும் அரசின் தனியுரிமை என்றது. 1933-ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரு படி மேலே சென்றது. உரிமமின்றிக் கருவியை 'வைத்திருத்தல்' என்பதே குற்றமாயிற்று. மொழியியல் படித்தவளுக்கு இவ்வினைமாற்றம் கண்ணில் படாமல் போகாது. இயக்கியவரைத் தேடிய சட்டம், வைத்திருப்பவரைத் தேடலாயிற்று. 1980-கள் வரை பாட்டுக் கேட்கும் வானொலிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தினோம் என்பதை இன்றைய மாணவர் நம்பமாட்டார்.

அந்தமானில் இக்கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அமெச்சூர் வானொலியாளர் அங்கிருந்து ஒலிபரப்பத் தனி அனுமதி வேண்டும். அது அரிதாகவே கிடைத்தது. 1987-இல் அங்கிருந்து இயங்கிய பாரதி பிரசாத், பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2004 டிசம்பரில்தான் குழுவினருடன் மீண்டும் சென்றார். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, உயிர்தப்பியோர் செய்தி அவர்கள் கருவிவழியே தாய்நிலம் சேர்ந்தது. அனுமதி சில வாரங்கள் தாமதித்திருந்தால் அக்கருவிகள் அங்கே இருந்திருக்கா.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வாக்கி டாக்கி விற்போர் அதன் அலைவரிசையையும் கருவிவகை ஒப்புதல் சான்றையும் விற்பனைப் பக்கத்திலேயே காட்டவேண்டும். விற்பவர் எழுதாமல் விட்ட விவரத்துக்கு வாங்கியவர் குற்றவாளியாகும் நிலையை, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு விதி கவனித்திருக்கிறது.