ஏட்டின் திகதி எது?

'உதயதாரகை' 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பத்திரிகை. அதில் ஒரு பக்கத்தை இண்டைக்கு ஸ்கான் செய்து கணினியில் போட்டால், கோப்பின் திகதி இன்றைய திகதிதான். கணினி பொய் சொல்லவில்லை. அது சொல்வது பிரதி பிறந்த நாளை. நாங்கள்தான் அதை மூலத்தின் வயதாக வாசிக்கிறோம்.

மென்பொருள் எழுதுறவைக்கு இது பழகின சிக்கல். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்', கோப்பில் யார் எப்ப என்ன மாற்றினார் எண்ட கொமிட் வரலாற்றை வைத்திருக்கும். வட்டில் இருந்த கோப்பின் பழைய திகதியை வைத்திருக்காது. அதனால் குளோன் செய்தால் எல்லாக் கோப்புக்கும் குளோன் செய்த நேரமே விழும். பழைய திகதி வேணுமெண்டால், ஒவ்வொரு கோப்பையும் கடைசியாக மாற்றிய கொமிட்டைத் தேடி அதன் திகதியைப் போடவேணும். அதைச் செய்யத் தனிக் கருவிகள் உண்டு. ஆனால் வரலாற்றை வெட்டிவிட்டுக் கடைசி நிலையை மட்டும் குளோன் செய்தவருக்கு அவை உதவாது.

ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே கதைதான். பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. படியெடுத்துப் படியெடுத்துத்தான் நூல்கள் வந்து சேர்ந்தன. 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் கைக்கு வந்த தொல்காப்பிய ஏட்டுக்குத் தொல்காப்பியத்தின் வயது இல்லை. 1885இல் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டபோது, ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன, எவ்வளவு சிதைந்திருந்தன எண்டு பதிப்புரைகளில் எழுதிவைத்தார். அவருடைய கொமிட் குறிப்பு அதுதான்.

1981 ஜூனில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. மூலம் சாம்பலானால், எங்கோ மிஞ்சின பிரதிதான் சாட்சி. அந்தப் பிரதியின் வரலாறும் தொலைந்தால் சாட்சி ஊமையாகிவிடும். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில், ஸ்கான் செய்த நாளை நம்பாமல், வெளியீட்டு ஆண்டு தனியாகப் பதியப்படுவது இதனால்தான் முக்கியம்.

கோப்பின் திகதியை யாரும் ஒரு கட்டளையில் மாற்றலாம். அது சான்று ஆகாது. சான்று பக்கத்தில் எழுதிய குறிப்புத்தான். ஆகவே அம்மம்மாவின் கடிதங்களையும் படங்களையும் ஸ்கான் செய்யிற ஆக்கள் மூன்று விஷயம் எழுதிவையுங்கோ: எப்ப உருவானது, ஆரிட்ட இருந்தது, எப்ப பிரதி எடுத்தது. திகதி தெரியாட்டி, 'தெரியாது' எண்டே எழுதுங்கோ. ஊகித்துப் போட்ட திகதி அடுத்த பிரதியில் உண்மையாகிவிடும்.