மெட்ஸ் மடத்துப் பானைகள்: ஒரு சாட்சியத்தின் மறுவாசிப்பு

மெட்ஸ் நகரத்துச் செலஸ்டின் மடத்தின் குறிப்பேட்டில் 1432ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று உள்ளது. தேவாலயச் சுவர்களில் பதிக்கப்பட்ட ஒலிப்பானைகள் பயனற்றவை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அந்த முடிவை இப்பதிவு தாங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பதிவின் செய்தி இது: மடத் தலைவர் ஓடோ லெ ருவா, சபைக் கூட்டத்திலிருந்து திரும்பியதும், துறவியர் நின்று பாடும் பகுதியில் பானைகளைப் பதிக்கச் சொன்னார். வேறொரு தேவாலயத்தில் அவற்றைக் கண்டிருந்தார். பாட்டுச் சிறக்கும், முழக்கம் கூடும் என்று நம்பினார். போதிய ஆட்களைக் கொண்டு ஒரே நாளில் வேலை முடிந்தது. முன்னைவிட நன்றாகப் பாடுகிறார்களா என்று தமக்குத் தெரியவில்லை என்கிறார் குறிப்பாளர். சுவர்கள் பெரிதும் ஆட்டங்கண்டதாகவும், வருவோர் இதைப் பார்த்து வியப்பதாகவும் குறைப்படுகிறார்.

முந்தைய ஆய்வுகள் பற்றிக்கொண்டது அவருடைய ஐயத்தை. ஐயம் மறுப்பாகாது. அவர் உறுதியாகச் சொல்வது சுவரின் சேதத்தை மட்டுமே. ஓசை பற்றிய தீர்ப்பு பதிவில் இல்லை. அதைவிட முக்கியமானது அந்த 'ஒரே நாள்'.

பானையின் ஒத்ததிர்வு அதன் கொள்ளளவு, வாயின் பரப்பு, கழுத்தின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்தது. 10 லிட்டர் கொள்ளளவும், 8 செ.மீ. வாயும், 5 செ.மீ. கழுத்தும் உள்ள பானை ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸில் அதிரும். ஆண்குரலின் கீழ்ச்சுரங்கள் அங்கேதான் உள்ளன. கொள்ளளவைக் கால்பங்காகக் குறைத்தால் அதிர்வெண் இரட்டிக்கும். அதிரும் பட்டையும் குறுகலானது. எனவே பானையைத் தேர்ந்து, ஒலித்துப் பார்த்து, பாடுவோரின் சுருதிக்குச் சேர்த்தாலன்றிப் பயனை எதிர்பார்க்க இயலாது. விட்ருவியஸ் தம் ஐந்தாம் நூலில் நாடக அரங்குகளுக்கு விதித்த வெண்கலக் கலங்களும் சுருதி சேர்த்தவையே. மெட்ஸில் அதற்கு அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே தோல்வி நேர்ந்திருந்தாலும், அது அவசர வேலையின் தோல்வியாகவே இருக்கக்கூடும்.

பானை ஒலியாற்றலைப் படைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் தன் சுரத்தில் அது ஒலியை ஏற்று, ஒரு பகுதியைத் திருப்பி உமிழ்கிறது. சுவரில் பதித்த பானை 110 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் சுமார் 1.5 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடாக ஒலியை உறிஞ்சலாம். ஒலியை எளிதில் உறிஞ்சாத கற்சுவர்களுக்கிடையில் இது புறக்கணிக்கத்தக்க அளவன்று. மிகையாக முழங்கும் ஒரு சுரத்தை அடக்கினாலும் பாட்டுத் தெளியும்.

சுவரின் எடையைக் குறைக்கவே பானைகள் வைக்கப்பட்டன என்ற விளக்கம் மெட்ஸுக்குப் பொருந்தாது. தலைவரின் நோக்கத்தைப் பதிவே சொல்லிவிடுகிறது. இன்று எஞ்சியுள்ள பானைகளில் விளைவு தென்படவில்லை என்பதும் வலுவற்றது: வாய் அடைபட்டுக் கட்டடமே மாறியபின் எடுத்த அளவு பழைய ஓசைக்குச் சான்றாகாது.

ஓடோ பானைகளை வைத்த இடம் பாடுவோர் நிற்கும் இடம். தம் குரலைத் தாமே கேட்டுப் பாடுவோருக்காக அவர் அமைத்த சிற்றமைப்பு அது. பாடகர்களுக்கு இன்று சிறுகூடம் வடிவமைப்போர் இந்த இடத்தேர்வை ஏற்று, அவர் விட்ட படியையும் சேர்க்க வேண்டும்: முதலில் சுருதி, பிறகே சுவர்.