மொழிகளின் மலையும் மாம்பலத்துப் பாலமும்

மேற்கு மாம்பலத்திலிருந்து அஜர்பைஜான் நாட்டுக்கு நாம் பயணம் புறப்பட்டபோது, காக்கசஸ் மலைநாட்டைப் பற்றி நாம் அறிந்திருந்தவை அரபு நூல்கள் சொன்னவையே. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் அறிஞர் அல்மஸ்ஊதீ தமது ‘முரூஜுத் தஹப்’ நூலில், அம்மலையில் எழுபத்திரண்டு இனத்தார் தத்தமக்குரிய மொழியுடன் வாழ்வதாகக் குறித்துள்ளார். எனவே முற்றிலும் அந்நியமான நிலத்தையே எதிர்பார்த்தோம்.

முதல் நாளே அவ்வெண்ணம் கலைந்தது. தலைநகர் பாகூவின் பழைய கோட்டை நகரில், கன்னிக் கோபுரத்துக்கு அருகே, முல்தான் வணிகரின் பெயர் தாங்கிய சத்திரம் நிற்கிறது. நகருக்கு வெளியே சுரகானியில், இந்திய வணிகரும் துறவியரும் வழிபட்ட ‘ஆத்தஷ்காஹ்’ என்னும் தீக்கோயில் உள்ளது. நிலத்தடி வாயுவால் எரிந்த அதன் சுடர் 1969இல் அணைந்துபோக, இப்போது குழாய்வழி வாயுவால் எரிகிறது. அங்குள்ள தேவநாகரி, குருமுகி கல்வெட்டுகளிடையே பாரசீகக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. எழுத்து அரபு எழுத்தாதலின் நம்மால் ஒலிக்க முடிந்தது. பொருள் முழுதும் விளங்கவில்லை. உடன் வந்த அந்நாட்டு இளைஞருக்கோ எழுத்தே தெரியவில்லை. அரபு எழுத்தில் இருந்த அவர்தம் மொழி கடந்த நூற்றாண்டில் இலத்தீனுக்கும், பின்னர் சிரில்லிக்குக்கும், 1991க்குப் பின் மீண்டும் இலத்தீனுக்கும் மாற்றப்பட்டது. முன்னோரின் எழுத்தையே படிக்க இயலாத தலைமுறை என இரக்கப்பட்டோம்.

ஊர் திரும்பியபின் அவ்விரக்கம் நம்மையே சுட்டியது. இன்று அஜர்பைஜானைச் சேர்ந்த நக்சிவானில், அராஸ் ஆற்றங்கரையில் இருந்தது பழைய ஜுல்ஃபா. அங்கிருந்த அர்மீனியரை ஷா அப்பாஸ் 1605 அளவில் இஸ்ஃபஹானுக்குக் குடிபெயர்த்தார். அங்கு எழுந்த புதிய ஜுல்ஃபாவைச் சேர்ந்த வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் சென்னையில் குடியேறி, 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது பாலம் கட்டினார். ஆங்கிலேயர் அதனை ‘மார்மலாங் பாலம்’ என்றனர். மாம்பலம் என்னும் நம் ஊர்ப்பெயரின் திரிபே அது. 1966இல் அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் எழுந்தது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் தப்பியது. அதிலுள்ள மொழிகள் பாரசீகம், அர்மீனியம், இலத்தீன்.

மொழிகளின் மலையைக் காண நாம் கடல் கடந்தோம். அம்மலைநாட்டுக் கல்லொன்று நம் வீட்டருகே இருந்திருக்கிறது. பல்லாண்டுகள் பேருந்தில் அதனைக் கடந்தும் நாம் இறங்கிப் பார்த்ததில்லை. முகலாயர் ஆட்சிமொழியாகவும் வணிகர்க்குப் பொதுமொழியாகவும் விளங்கிய பாரசீகத்தை அரபோடு சேர்த்துக் கற்காமல் விட்டவர் நாமே. பாகூ இளைஞரிடமிருந்து எழுத்தை அரசு பறித்தது. நம்மிடமிருந்து எவரும் எதனையும் பறிக்கவில்லை.