நில ஆவண ஒருங்கிணைப்பு: கன்னியாகுமரி மாவட்டம்

நில ஆவண ஒருங்கிணைப்பு என்பது, பத்திரம் பதியும் பதிவுத் துறை, பட்டா வழங்கும் வருவாய்த் துறை, புலத்தை அளந்து வரையும் நில அளவைத் துறை ஆகிய மூன்றும் தனித்தனியே வளர்த்த கணினி அமைப்புகளை இணைக்கும் தமிழ்நாடு அரசின் பணி. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆவணங்களைக் கொண்ட கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்பணிக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

அமைப்புகள்

பதிவுத் துறை 2018 பிப்ரவரியில் ‘ஸ்டார் 2.0’ மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கியது. பட்டா விவரங்களும், அ-பதிவேடு எனப்படும் கிராம நிலப் பதிவேட்டின் விவரங்களும் ‘தமிழ்நிலம்’ மென்பொருளில் உள்ளன. புலப்படங்கள் ‘கொலாப்லேண்ட்’ மென்பொருளில் வரையப்படுகின்றன. நாடளாவிய பின்புலமாக அமைந்தது, 2008இல் தொடங்கிய தேசிய நில ஆவண நவீனமயமாக்கல் திட்டம்.

இணைப்பு முறை

மூன்றையும் கோக்கும் சரடு புல எண். கிரயப் பத்திரம் பதிவானதும் விவரம் தமிழ்நிலத்துக்குச் செல்கிறது. உட்பிரிவு தேவைப்படாமல், விற்பவரின் பெயரும் பட்டாதாரரின் பெயரும் பொருந்தினால் பட்டா தானாகவே மாறும். புலத்தில் ஒரு பகுதி மட்டும் விற்கப்பட்டால், நில அளவர் நேரில் அளந்து உட்பிரிவு செய்த பிறகே மாறும்.

ஆளுகை

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பரிமாற்றத்தைப் பதிகிறது. உரிமைக்கு உறுதி தருவதில்லை. பட்டாவோ வருவாய் ஆவணம். ஆகவே எந்தத் தரவு எந்தத் துறையின் பொறுப்பு, முரண்பட்டால் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்பவற்றை வரையறுப்பதே ஒருங்கிணைப்பின் அடித்தளம். இந்த வரையறை இல்லாவிட்டால், ஓர் அலுவலகத்தின் எழுத்துப்பிழை மூன்று அலுவலகங்களுக்கும் பரவும்.

கன்னியாகுமரியின் தனித்தன்மை

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று, கொல்லம் ஆண்டு 1132இல், அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டுடன் இணைந்தன. அதற்கு முந்தைய பத்திரங்களில் மலையாள மொழியும் கொல்லம் ஆண்டும் ‘தண்டப்பேர்’ (நில உரிமையாளர் கணக்கு) போன்ற திருவிதாங்கூர் வருவாய்ச் சொற்களும் உண்டு. ஜன்மி எனும் நில உடைமையாளருக்குச் செலுத்திய ஜன்மிகரத்துக்கும், பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நில முறைக்கும் 1964இல் தனி ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. மறு அளவைக்குப் பின் புல எண்களும் மாறின. இன்றும் இம்மாவட்டப் பத்திரங்களில் பழைய சர்வே எண்ணையும் ரீசர்வே எண்ணையும் சேர்த்தே எழுதுவது வழக்கம்.

எனவே இங்கு முதல் வேலை, பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற ஒப்பீட்டைப் புலம் புலமாகச் சரிபார்ப்பது. மூலப்பத்திரத்தை வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தரும், வரப்பறிந்த கிராம நிர்வாக அலுவலரும், சங்கிலி பிடித்த நில அளவரும் இதற்கு இன்றியமையாதவர்கள். பல தலைமுறை உழைப்பில் வாங்கிய பத்து சென்ட் நிலம், அவர்கள் சரிபார்த்த எண்ணைக் கொண்டே கணினியில் உரியவர் பெயருக்கு வந்து சேர்கிறது.